அந்தச் சின்னப் பூட்டு வந்த வழி



போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கை மகன் கோயம்புத்தூரிலிருந்து போன் பண்ணினான். "சிவகாசி நேரடி விலை" என்று போட்டிருந்த ஒரு வெப்சைட்டில் பட்டாசுக்கு 6,800 ரூபாய் கட்டியிருக்கிறான். பத்து நாளாகியும் சரக்கு வரவில்லை. அந்த போன் நம்பரும் அணைந்து கிடக்கிறது. "உங்க ஊருதான மாமா, கொஞ்சம் விசாரிங்க" என்றான். மறுநாளே பஸ் ஏறிச் சிவகாசி போனேன். அதில் போட்டிருந்த தெரு இருக்கிறது. அந்தக் கடை இல்லை. பக்கத்துக் கடைக்காரர், "சார், இந்த மாசம் இதே பேரைக் கேட்டு வர்ற நாலாவது ஆளு நீங்க" என்றார்.

பணம் போனதைவிட அவனை உறுத்தியது வேறு. "பூட்டுப் படம் இருந்துச்சே மாமா! அதைப் பார்த்துட்டுத்தான கட்டினேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். பி.இ. படித்த பையன். முகவரிக்குப் பக்கத்தில் வரும் அந்தச் சின்னப் பூட்டு என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்பதைப் போனில் சொல்லி முடிக்க என்னால் ஆகவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் 45 நிமிடம் உட்கார்ந்தவர்கள்தானே நீங்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்து மாட்டுச் சந்தையிலிருந்து ஆரம்பிக்கிறேன். சிறுவயதில் அப்பாவுடன் போனவர்களுக்குத் தெரியும். தரகர் கையின்மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார். சுற்றி நூறு பேர் நிற்பார்கள். யாருக்கும் விலை தெரியாது, கை கொடுத்த இருவருக்குத்தான் தெரியும். பொது இடத்தில், எல்லோர் கண்முன்னாலும், இருவர் மட்டும் ஒரு ரகசியத்தை ஒத்துக்கொள்வது எப்படி என்ற கேள்விக்கு நம் ஆட்கள் கண்டுபிடித்த வழி அது.

ஆனால் ஒருவர் விருதுநகரிலும் மற்றவர் கல்கத்தாவிலும் இருந்தால் துண்டுக்கு எங்கே போவது? ராணுவமும் தூதரகங்களும் இதற்கு ஒரே வழிதான் வைத்திருந்தன: ரகசியச் சாவியை முன்கூட்டியே ஆள் மூலம் கொடுத்தனுப்புவது. முன்பின் பார்க்காத இருவர், ஒட்டுக்கேட்கும் கம்பியின் வழியாகவே பேசி ஒரு ரகசியத்துக்கு வர முடியாது என்றுதான் நெடுங்காலம் எல்லோரும் நம்பினார்கள்.

1976 நவம்பரில் அமெரிக்காவின் விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்ற இருவர் முடியும் என்று எழுதிக்காட்டினார்கள். இதே திசையில் யோசித்துக்கொண்டிருந்த ரால்ஃப் மெர்க்கிளுக்கும் அதில் பங்குண்டு. பிரிட்டிஷ் உளவுத்துறையின் ஜேம்ஸ் எல்லிஸ், கிளிஃபோர்ட் காக்ஸ், மால்கம் வில்லியம்சன் ஆகியோர் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே இதைக் கண்டுபிடித்திருந்தார்கள். அரசு ரகசியம் என்று பெட்டியில் போட்டுப் பூட்டியதால் 1997 வரை உலகத்துக்குத் தெரியவில்லை. கண்டுபிடித்தும் வாய் திறக்க முடியாமல் இருப்பது எவ்வளவு பெரிய வேதனை!

அந்த முறை நம் மீதிக் கணக்குதான். 2019-இல் வந்த 10-ஆம் வகுப்புப் புத்தகத்தில் "மட்டு எண்கணிதம்" என்று இருக்கிறது. "இதெல்லாம் எதுக்கு சார்?" என்று கேட்ட கடைசி பெஞ்சுக்காரர்கள் இப்போது பேனாவை எடுங்கள். 3, 17 என்ற இரண்டு எண்களை ஊரறிய அறிவித்துவிடுவோம். நான் மனத்துக்குள் 6 என்று நினைத்துக்கொள்கிறேன். 3-இன் 6-ஆம் அடுக்கு 729. அதை 17-ஆல் வகுத்தால் மீதி 15. அந்த 15-ஐ மட்டும் உரக்கச் சொல்கிறேன். நீங்கள் 7 என்று நினைக்கிறீர்கள். 3-இன் 7-ஆம் அடுக்கு 2187, மீதி 11. அதை நீங்கள் உரக்கச் சொல்கிறீர்கள். இப்போது உங்களுடைய 11-ஐ நான் 6-ஆம் அடுக்குக்கு உயர்த்தினால் 17,71,561, மீதி 8. என்னுடைய 15-ஐ நீங்கள் 7-ஆம் அடுக்குக்கு உயர்த்தினால் 17,08,59,375. மீதி அதே 8. அந்த 8-ஐ இருவரும் வாய்விட்டுச் சொல்லவே இல்லை. கேட்டுக்கொண்டிருந்தவனிடம் 3, 17, 15, 11 மட்டுமே இருக்கிறது. இங்கே எண்கள் சிறியவை என்பதால் அவன் போட்டுப்பார்த்துக் கண்டுபிடித்துவிடுவான். 17-க்குப் பதிலாக 600 இலக்கமுள்ள ஒரு பகா எண் என்றால் உலகத்துக் கணினிகளையெல்லாம் சேர்த்தாலும் ஆகாது. துண்டே இல்லாமல் துண்டுக்குள் பேசிய மாதிரி. இதைக் கரும்பலகையில் போடும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். ஓய்வு பெற்றும் அந்தச் சிலிர்ப்பு போகவில்லை.

ஆனால் இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, கவனித்தீர்களா? 11 என்று சொன்னது நீங்கள்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்? நடுவில் ஒருவன் உட்கார்ந்து என்னிடம் நீங்களாகவும் உங்களிடம் நானாகவும் கை கொடுத்தால், இருவருமே ரகசியமாக அவனிடம் பேசிக்கொண்டிருப்போம். சந்தையில் முகத்தைப் பார்த்துக் கை கொடுக்கிறோம். கம்பி வழியே வரும் எண்ணுக்கு முகம் கிடையாது. இனி நான் சொல்லப்போகும் வரலாறு முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியதுதான்: துண்டுக்குள் இருக்கும் கை யாருடையது?

நம் சிவகாசி வியாபாரம் இந்தக் கேள்வியை வேறு விதமாகச் சமாளித்தது. முன்பின் தெரியாத வடநாட்டு வியாபாரிக்குக் கடிதத்திலேயே சரக்கு பேசி முடிப்பார்கள். சரக்கு லாரி ஆபீசில் போய்ச் சேரும். எல்.ஆர். ரசீதோ பேங்க் வழியாகப் போகும். அவர் பேங்கில் பணம் கட்டினால்தான் எல்.ஆர். கைக்கு வரும், எல்.ஆர். இருந்தால்தான் லாரி ஆபீசில் சரக்கை எடுக்க முடியும். இருவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. இருவருக்கும் தெரிந்த மூன்றாவது ஆள் பேங்க்.

இணையத்திலும் அதே மூன்றாவது ஆளைத்தான் கொண்டுவந்தார்கள். 1994-இல் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் கம்பெனி, கடன் அட்டை எண்ணை இணையத்தில் அனுப்ப ஜனங்கள் பயப்படுகிறார்களே என்று ஒரு முறையை வகுத்தது. பெயர் எஸ்.எஸ்.எல். முதல் பதிப்பை அவர்களே வெளியிடவில்லை, அவ்வளவு ஓட்டை. 1995 பிப்ரவரியில் இரண்டாம் பதிப்பு வந்தது. அங்கே தலைமை விஞ்ஞானியாக இருந்த தாஹர் எல்கமால் எகிப்தில் பிறந்தவர். ஸ்டான்ஃபோர்டில் அவருக்கு ஆய்வு வழிகாட்டி யார் என்றால், மேலே சொன்ன ஹெல்மன். குருவின் கணக்கு சிஷ்யனின் கையில் கடைக்கு வந்தது. 1999-இல் பெயரை டி.எல்.எஸ். என்று மாற்றினார்கள். 2018 ஆகஸ்டில் வந்த 1.3 பதிப்புதான் இன்று உங்கள் போனில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அது நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். முதலில் பேசுவது எப்போதும் உங்கள் பக்கத்து நிரல்தான். பிரவுசரோ, பேங்க் செயலியோ, மெயில் அனுப்பும் மென்பொருளோ, எதுவானாலும் சரி. சர்வர் தானாக வந்து உங்கள் கதவைத் தட்டாது. "வணக்கம். நான் இன்ன பெயருள்ள தளத்தைத் தேடி வந்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த பூட்டு முறைகள் இவை. இதோ நான் எடுத்த ஒரு தற்செயல் எண், இதோ என் பங்கு மீதி" என்று நிரல் சொல்லும். "இந்தப் பூட்டை வைத்துக்கொள்வோம். இது என் எண், இது என் மீதி" என்று சர்வர் பதில் சொல்லித் தன் சான்றிதழையும், அந்தச் சான்றிதழுக்குரிய சாவி தன்னிடம்தான் இருக்கிறது என்பதற்கு ஒரு கையெழுத்தையும் நீட்டும்.

இங்கே உங்கள் நிரல் நின்று பார்க்க வேண்டும். சான்றிதழில் இருக்கும் பெயரும் நான் தேடி வந்த பெயரும் ஒன்றுதானா? தேதி முடிந்துவிட்டதா? கையெழுத்துப் போட்ட அதிகாரி, என் சாதனத்தில் ஏற்கெனவே இருக்கும் நம்பிக்கைப் பட்டியலில் இருக்கிறாரா? எல்லாம் சரியென்றால்தான் மேலே போக வேண்டும். கடைசியில் இதுவரை பேசியதன் சுருக்கத்தை இருவரும் ஒப்பிட்டு, நடுவில் யாரும் எழுத்தை மாற்றவில்லை என்று உறுதி செய்துகொள்வார்கள். கண் இமைப்பதற்குள் இவ்வளவும் முடிந்துவிடும். ஆங்கிலத்தில் இதற்குக் கைகுலுக்கல் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நம் சந்தையைப் பார்த்து வைத்தார்களோ என்னவோ!

தீப்பெட்டித் தொழிலில் இருந்த பெரியவர்களுக்குப் பாண்ட்ரோல் ஞாபகம் இருக்கும். 1934-இல் தீப்பெட்டிக்கு உற்பத்தி வரி வந்தபோது, வரி கட்டியதற்கு அடையாளமாகப் பெட்டியில் ஒட்டிய சீட்டு அது. குச்சி நன்றாக எரியுமா, மருந்து நமத்துப்போயிருக்குமா என்றெல்லாம் பாண்ட்ரோல் சொல்லாது. வரி கட்டிய பெட்டி என்று மட்டும் சொல்லும். வெப்சைட்டின் சான்றிதழும் அப்படித்தான். "இந்தப் பெயருக்கு உரிய சர்வர் இதுதான்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை அது பேசுவதில்லை.

வரலாற்றில் மூன்று சறுக்கல்களைச் சொல்ல வேண்டும். முதலாவது 1995. எஸ்.எஸ்.எல். வந்து ஏழு மாதத்தில் பெர்க்லியில் படித்துக்கொண்டிருந்த இயன் கோல்ட்பர்க், டேவிட் வாக்னர் என்ற இரண்டு மாணவர்கள் நெட்ஸ்கேப் நிரலைக் குடைந்து பார்த்தார்கள். யாரும் யூகிக்க முடியாத எண் என்று அது எடுத்துக்கொண்டிருந்தது, கணினியின் கடிகார நேரத்தையும் இரண்டு சிறு வரிசை எண்களையும் வைத்து உருட்டிய எண். யூகிப்பது வெகு சுலபம். பூட்டு நல்ல பூட்டுதான், சாவியைக் கதவுக்கு மேலேயே வைத்திருந்தார்கள்.

அதே 1995-இல் ஆகஸ்ட் 15 அன்றுதான் வி.எஸ்.என்.எல். நம் நாட்டுப் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. நமக்கு வந்து சேர்ந்த பூட்டு எது தெரியுமா? அமெரிக்கச் சட்டப்படி வெளிநாட்டுக்கு 40 பிட் சாவிதான். அதாவது சுமார் 1.1 லட்சம் கோடி சாவிகள். கேட்கப் பெரிய எண்தான். ஆனால் அதே ஆகஸ்டில் ஃபிரான்சின் டாமியன் டோலிஜே தன் ஆய்வகத்துக் கணினிகளை ஓடவிட்டு எட்டே நாளில் அப்படி ஒரு சாவியைக் கண்டுபிடித்தார். இங்கேயும் இணைய உரிமத்துக்கான விதிகள், முன் அனுமதி இல்லாமல் 40 பிட்டுக்கு மேல் போகக் கூடாது என்றன. 2001-இல் ரிசர்வ் வங்கியோ, இணைய வங்கிச் சேவைக்குக் குறைந்தது 128 பிட் வேண்டும் என்றது. ஒரு விதிப் புத்தகத்தில் அது உச்சவரம்பு, இன்னொன்றில் அதைவிட 88 மடிப்பு மேலே ஆரம்பம். (88 மடங்கு அல்ல, 88 முறை இரட்டித்தல். வித்தியாசம் தெரியாதவர்கள் நேரில் வாருங்கள்.)

இரண்டாவது சறுக்கல் நம் நாட்டிலேயே, 2014 ஜூலையில். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் சான்றளிக்கும் அமைப்புகளுக்கு மேல் ஒரு கட்டுப்பாட்டாளர் இருக்கிறார். அவருக்குக் கீழே சான்றிதழ் வழங்கிய அமைப்புகளில் தேசியத் தகவலியல் மையமும் ஒன்று. அதன் பெயரில் கூகுள், யாஹூ முகவரிகளுக்குப் போலிச் சான்றிதழ்கள் வெளிவந்திருப்பதைக் கூகுள் கண்டுபிடித்தது. விண்டோஸ் கணினிகளின் நம்பிக்கைப் பட்டியலில் நம் இந்தியக் கட்டுப்பாட்டாளர் இருந்ததால் அந்தப் போலிகளையும் அவை நம்பியிருக்கும். ஃபயர்பாக்ஸ் தன் சொந்தப் பட்டியலை வைத்திருந்ததால் தப்பித்தது. சான்றிதழ் வழங்கும் ஏற்பாட்டுக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள் என்று விளக்கம் வந்தது. தேசியத் தகவலியல் மையத்தின் சான்றளிக்கும் அதிகாரத்தை மறுநாளே ரத்து செய்தார்கள். பாண்ட்ரோல் அச்சடிக்கிற இடத்திலேயே திருட்டு நடந்தால் பெட்டியைப் பார்த்து என்ன கண்டுபிடிக்க முடியும்?

மூன்றாவதுதான் நம் பிள்ளைகளுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. 2012-இல் டான் போனே, விட்டாலி ஷ்மாட்டிகாவ் முதலிய ஆறு ஆய்வாளர்கள் பிரவுசர் அல்லாத நிரல்களைச் சோதித்தார்கள். பெரிய பெரிய கம்பெனிகளின் பணம் செலுத்தும் நிரல்கள்கூடச் சர்வர் நீட்டும் சான்றிதழைச் சரியாகச் சோதிக்காமலேயே கை கொடுத்துக்கொண்டிருந்தன. பைத்தான் மொழியிலேயே 2014 டிசம்பரில் வந்த 2.7.9 பதிப்புக்கு முன்புவரை, நீங்களாகக் கேட்காவிட்டால் சான்றிதழைச் சோதிக்காது.

என்னிடம் படித்த ஒரு பையன் சாத்தூர்ப் பக்கம் பட்டாசுக் கடைகளுக்குப் பில் போடும் மென்பொருள் எழுதிக்கொடுக்கிறான். பில்லை மெயிலில் அனுப்பும் வசதியும் உண்டு. மெயில் விஷயத்தில் ஒரு விசேஷம் இருக்கிறது. பல இடங்களில் பேச்சு முதலில் திறந்த வெளியில்தான் ஆரம்பிக்கும். நிரல் வணக்கம் சொல்லும், சர்வர் தனக்குத் தெரிந்ததைப் பட்டியலிடும், அதில் "ஸ்டார்ட் டி.எல்.எஸ்." என்ற வரி இருந்தால் "சரி, இனி துண்டைப் போடுவோம்" என்று நிரல் கேட்கும். நடுவில் இருப்பவன் அந்த ஒரு வரியை மட்டும் அழித்துவிட்டால், "இவருக்குத் துண்டுப் பழக்கம் இல்லை போல" என்று ஏமாளி நிரல் பாஸ்வேர்டைத் திறந்த வெளியிலேயே சொல்லிவிடும். துண்டு இல்லாவிட்டால் பேச்சே கிடையாது என்று நிரல் எழுதுகிறவர்தான் கண்டிப்பாக வைக்க வேண்டும்.

இவன் அதைச் சரியாகத்தான் வைத்திருந்தான். ஆனால் ஒரு கடையில் மட்டும் தினமும் காலையில் "சான்றிதழ் சரிபார்ப்பு தோல்வி" என்று வந்திருக்கிறது. முதலாளி நச்சரிப்பு. இணையத்தில் தேடி, சரிபார்ப்பையே நிறுத்தும் ஒரு வரியைச் சேர்த்துவிட்டான். உடனே மெயில் போனது. அதே மென்பொருள் பிறகு மற்ற கடைகளுக்கும் போயிருக்கிறது. என்னிடம் பெருமையாகத்தான் சொன்னான், "ஒரே வரி சார், வேலை முடிஞ்சது" என்று.

அடுத்த வாரம் அவனைக் கூட்டிக்கொண்டு அந்தக் கடைக்கே போனேன். கணினியின் மூலையில் தேதியைப் பார்த்தால் 2012 ஜனவரி 1! பழைய கணினி, உள்ளே இருக்கும் காசு மாதிரியான பேட்டரி செத்துவிட்டது. ராத்திரி மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனால் காலையில் கடிகாரம் பழைய காலத்துக்குப் போய்விடுகிறது. இன்றைய சான்றிதழைப் பார்த்து அது, "இது இன்னும் அமலுக்கே வரவில்லையே" என்று சொல்லியிருக்கிறது. கேட்டால் நியாயமான சந்தேகம்தான்! ஐம்பது ரூபாய்க்குள் புது பேட்டரி போட்டோம். அந்த வரியை எடுத்துவிட்டு எல்லாக் கடைகளுக்கும் புதுப் பதிப்பு கொடுக்கும்வரை நான் விடவில்லை. வாத்தியார் புத்தி.

இப்போது மருமகன் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு காலத்தில் சான்றிதழ் வாங்கப் பணம் கட்ட வேண்டும், அலைய வேண்டும். 2015 கடைசியில் "லெட்ஸ் என்கிரிப்ட்" என்ற லாப நோக்கில்லாத அமைப்பு எல்லோருக்கும் இலவசமாகவே கொடுக்க ஆரம்பித்தது. நல்ல காரியம். சின்னப் பள்ளிக்கூட வெப்சைட்டுக்கும் பூட்டு கிடைத்தது. திருடனுக்கும் கிடைத்தது. தன் பெயருக்குத் தானே சான்றிதழ் வாங்குவது அவனுக்குக் கஷ்டமே இல்லை. அது போலிச் சான்றிதழும் அல்ல. கூகுள் 2021-இல் கேட்டுப் பார்த்ததில் பூட்டின் பொருளைச் சரியாகச் சொன்னவர்கள் 11 சதவீதம் பேர்தான். மற்றவர்கள் அதை நாணயத்தின் முத்திரை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். மோசடித் தளங்கள் அநேகமாக எல்லாமே பூட்டுடன்தான் இருக்கின்றன என்று சொல்லி, 2023 செப்டம்பரில் குரோம் பிரவுசரில் முகவரிப் பக்கத்திலிருந்து பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டார்கள். மருமகன் வைத்திருப்பது வேறு பிரவுசர், அதில் இன்னும் இருக்கிறது.

சாத்தூர்ப் பையனை வைத்து அந்தத் தளத்தைப் பார்த்தோம். சான்றிதழ் சுத்தம். கைகுலுக்கல் சரியாக நடந்திருக்கிறது. "40 ஆண்டு அனுபவம்" என்று போட்டிருந்த அந்தப் பெயரைப் பதிவு செய்து ஒன்றரை மாதம்தான் ஆகியிருந்தது. மருமகன் தட்டிய ஒவ்வொரு எழுத்தும் பத்திரமாகத்தான் போயிருக்கிறது. திருடனிடமே பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இன்னொன்று. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் இ-காமர்ஸ் தளங்கள் பட்டாசுக்கு ஆர்டர் வாங்கவே கூடாது என்று உத்தரவிட்டது. அதனால் வெப்சைட்டிலேயே பணம் கட்டச் சொல்லிப் பட்டாசு அனுப்புகிறேன் என்பவரைப் பார்த்ததுமே, பூட்டைப் பார்ப்பதற்கு முன்பே, நின்றுவிடுங்கள். உரிமம் உள்ள கடை நம் மாவட்டத்தில் தெருவுக்குத் தெரு இருக்கிறது.

ஏமாந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் பண்ணுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் கைமாறுவதற்குள் நிறுத்த வழி இருக்கிறது. மருமகன் பத்து நாள் கழித்துத்தான் பண்ணினான். புகார் எண் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பட்டாசு இங்கேயே வாங்கி வைத்துவிட்டேன். ரயிலில் பட்டாசு கொண்டுபோகக் கூடாது என்பதால் தீபாவளிக்குக் குடும்பத்தோடு விருதுநகருக்கே வரச் சொல்லியிருக்கிறேன். தங்கைக்கு அதில் ஏக சந்தோஷம்.